'ஆம்' என்று எழுதிய ஒரே கட்டுரை

போன மாதம் நந்தினி போன் செய்தாள். சங்ககிரிப் பக்கம் ஒரு கல்லூரி அறக்கட்டளை நடத்தும் ஆய்விதழின் அலுவலகத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். "அக்கா, ஏ.ஐ.யைப் பொறுப்பாப் பயன்படுத்தறதைப் பத்திப் பயிலரங்கம் வெக்கறோமுங்க. அனுபவப்பட்டவங்க ஒருத்தர் கட்டுரை வேணுமாமா. நல்லதா நாலு விஷயம் எழுதிக் குடுங்க" என்றாள்.

நல்லதாக நாலு விஷயம்! எங்கே போவேன் அதற்கு? "எழுதறேன் கண்ணு. நல்லதா இருக்குமான்னு சொல்ல முடியாது" என்றேன். அவள் விடவில்லை. "நம்ம இதழ்ல இப்பப் பிரச்சினையே இல்லீங்க்கா. கட்டுரை அனுப்பற அத்தனை பேரும் ஏ.ஐ. பயன்படுத்தலைன்னுதான் எழுதிக் குடுக்கறாங்க. அவ்வளவு சுத்தம்" என்றாள். அந்தச் 'சுத்தம்' என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராசிபுரத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, தபால் வழியில் ஒரு பி.ஏ.யும் வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். உழைக்கும் மக்களின் உடல்நலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவரும் இதழ் அது. கோழிப்பண்ணையில் நெஞ்சுச் சளி, லாரி டிரைவர்களின் முதுகுவலி, சாயப்பட்டறைக் கைகளில் புண் என்று நம் சுற்றுவட்டாரத்து நோவுகள் எல்லாம் அதில் கட்டுரையாக வரும். ஆரம்பத்தில் மேற்கோள் பட்டியலில் காற்புள்ளி சரிபார்ப்பதுதான் என் வேலை. பிறகு கட்டுரைகளை வாங்கிப் பதிவது, மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புவது, அவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கருத்தை வாங்குவது, ப்ரூஃப் பார்ப்பது என்று எல்லாமே என் தலையில் விழுந்தது. கற்றுக்கொண்ட கதையை நீட்ட வேண்டாம். திட்டு வாங்கிக் கற்றேன், அவ்வளவுதான்.

திட்டியவர் ஆசிரியர் நல்லசிவம் ஐயா இல்லை. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் இதழுக்குத் தலைமை ஆசிரியராக வந்தவர். முதல் வருட மாணவனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். சீரகத் தண்ணீர் ஒரு பக்கம், ஸ்கேல் ஒரு பக்கம். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிப்பார். சிவப்பு மையைத் தொடவே மாட்டார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவார். அடுத்தவர் எழுத்தின் மேல் கோடு கிழிக்க நமக்கு என்ன உரிமை என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த இதழிலும் அது இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மதிப்பாய்வாளர்கள் சரி என்று சொன்ன பிறகும் கட்டுரையை உடனே ஏற்க மாட்டார். எழுதியவரைப் போனில் கூப்பிடுவார். எங்கள் அலுவலகத்தின் பின்னால் லாரி பாடி கட்டும் பட்டறை. தட்டுகிற சத்தம் காதைப் பிளக்கும். ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போடுவார். "கட்டுரையைக் கையில எடுக்காதீங்க. தமிழ்லயே சொல்லுங்க. அன்னிக்கு அங்க போய் என்ன பண்ணுனீங்க?" இவ்வளவுதான் கேட்பார். வெளிமாநிலத்தார் என்றால் இதையே எளிய ஆங்கிலத்தில். பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். 'செஞ்சவனுக்குக் கதை இருக்கும், செய்யாதவனுக்குச் சுருக்கம்தான் இருக்கும்' என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு விரிவுரையாளர் அனுப்பியிருந்தார். நல்ல கட்டுரை. ஐயா கூப்பிட்டுக் கேட்டதும் அவர் முன்னுரையைத்தான் ஒப்பித்தார். "அது சரிங்க. பண்ணைக்குள்ள போனதும் மொதல்ல யாரைப் பாத்தீங்க?" என்று ஐயா கேட்டார். இரண்டு முறை கனைத்துவிட்டு, "நான் போகலீங்கய்யா. என்ற ஸ்டூடண்ட் பொண்ணுதான் போச்சு" என்று வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் கட்டுரையில் எங்கேயும் இல்லை. ஐயா குரலை உயர்த்தவே இல்லை. "அப்ப அவிங்க பேரை மொதல்ல போட்டு அனுப்புங்க, வாங்கிக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பெயர் வந்தது. இப்படிப்பட்ட மனிதரிடம் வேலை பார்க்கிறோம் என்று எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

அதன் பிறகுதான் ஏ.ஐ. வந்தது. அதற்கு முன்னால் பிழையை வைத்தே கட்டுரை யாருடையது என்று சொல்லிவிடுவேன். திடீரென்று எல்லாரும் ஒரே ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார்கள். எங்கும் வழவழவென்று, உளுந்து மாவு மாதிரி. மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்கப் போனால், அந்தப் பெயரில் இதழ் இருக்கும், அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கும். ஒரு மகராசன், 'நீங்கள் கேட்டபடி முடிவுரையை இன்னும் நம்பத்தகுந்ததாக மாற்றியுள்ளேன்' என்று கருவி தனக்குச் சொன்ன வரியையும் சேர்த்தே அனுப்பிவிட்டான். அன்றைக்கு அலுவலகமே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை.

அவரே உட்கார்ந்து விதி எழுதினார். கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது. தரவை அது உண்டாக்கக் கூடாது. மதிப்பாய்வுக்கு வரும் அடுத்தவர் கட்டுரையை மதிப்பாய்வாளர்கள் அதில் ஏற்றக் கூடாது. ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் பயன்படுத்தலாம், ஆனால் சொல்ல வேண்டும். 'ஏ.ஐ. பயன்படுத்தினீர்களா? ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் எதற்கு?' என்று கட்டுரை அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி வைத்தார். அதன் கீழே, உண்மையைத் தெரிவிப்பதால் கட்டுரைக்குப் பாதகம் வராது என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை என்னிடம் கொடுத்துத் தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் அவர்தான்.

கவிதா என்ற பெண் எங்களுக்குப் போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். எடப்பாடிக்காரி. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தம் தொழிலாளர்களின் காதை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் அவளுடைய பிஎச்.டி. ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டுமானால் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். முதலில் அனுப்பிய வேறு ஓர் இதழ், ஆங்கிலம் சரியில்லை என்று திருப்பிவிட்டது. நீட்டிப்பு வாங்கிய காலமும் முடியப் போகிறது. முடிந்தால் பதிவு ரத்து, அத்தனை வருட உழைப்பும் வீண். "ஏனுங்மா, இங்கிலீஷை மட்டும் ஏ.ஐ.ல போட்டுத் திருத்திக்கிட்டேனுங்க. அதைச் சொன்னாத் தள்ளிருவாங்கன்னு கூடப் படிக்கறவங்க சொல்றாங்க. ஆம்னு போடறதுங்களா, இல்லைன்னு போடறதுங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஐயா கை நீட்டிப் போனை வாங்கினார். "தைரியமா ஆம்னு எழுதுங்க. உண்மை சொன்னவங்களை இந்த இதழ் கைவிடாது" என்றார். இந்தக் காதால் கேட்டேன்.

அவள் 'ஆம்' என்று எழுதினாள். எந்தெந்தப் பகுதியை எப்படித் திருத்தினாள் என்பதை விளக்கி, திருத்துவதற்கு முன்னால் எழுதிய தன் சொந்த ஆங்கிலத்தையும் இணைத்து அனுப்பினாள். எங்களுக்கு வந்தவற்றில் 'ஆம்' போட்ட முதல் கட்டுரை அதுதான். மதிப்பாய்வாளர்கள் இருவரும் ஏற்கலாம் என்றார்கள். ஐயா ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெண் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"தறி நிக்கற நாளாப் பாத்து, காது ஓய்ஞ்ச பொறகு, பள்ளிக்கூடத்து ரூம்புல வெச்சுத்தானுங்க காது சோதனை பண்ணுனேன். மொத நாளு அத்தனை பேரும் கேள்விக்கெல்லாம் டக்டக்குன்னு பதில் சொன்னாங்க. காதெல்லாம் நல்லாத்தான் இருக்குதோன்னு நெனச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, எல்லாரும் என்ற வாயைப் பாத்துட்டு இருக்கறாங்க. தறிப் பட்டறைக்குள்ள ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காதுங்க. வாயசைவைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவாங்க. எங்கப்பாவும் ஊட்டுல அப்படித்தான். எனக்கே மறந்துபோச்சுங்க பாருங்க! மறுக்கா எல்லாரையும் கூப்புட்டு, முதுகுப் பக்கம் நின்னு கேட்டேன். ஒருத்தருமே திரும்பலீங்க."

ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க சாமி" என்றார். அவர் ஒருவரைச் 'சாமி' என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். கட்டுரை முழுக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

அந்த வாரமே தாளாளர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. நம் இதழை ஆய்விதழ்களின் தரப்பட்டியல் ஒன்றில் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறோம், பட்டியல்காரர்கள் எந்த நேரமும் சோதிப்பார்கள், இனி எல்லாக் கட்டுரைகளையும் ஏ.ஐ. கண்டுபிடிக்கும் கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும், ஏ.ஐ. எழுதியது என்று சிவப்பு வந்தால் மறுபேச்சில்லாமல் நிராகரிக்க வேண்டும். கவிதாவின் கட்டுரை பக்கத்துக்குப் பக்கம் சிவப்பாக வந்தது. வராமல் என்ன செய்யும்? திருத்தினேன் என்று அவளே சொல்லியிருக்கிறாளே!

ஐயா தாளாளரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் சீரகத் தண்ணீரைத் தொடவில்லை. "கவிதாவுக்கு நிராகரிப்புக் கடிதம் அனுப்பிருங்கம்மா ராஜாமணி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "ஐயா, ஆம்னு எழுதச் சொன்னது நீங்கதானுங்களே?"

"ஆமா."

"கைவிட மாட்டோம்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். ஒரு கட்டுரைக்காக இதழையே பலி குடுக்க முடியுமாம்மா? பட்டியல்ல சேரலைன்னா நாளைக்கு ஒருத்தரும் இங்க எழுத மாட்டாங்க. இதழையே மூடிருவாங்க."

"மூடட்டுமுங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்தாத இதழ் இருந்தென்ன, போயென்ன?" என்றேன். பெரியவரிடம் பேசும் பேச்சா அது? இருந்தாலும் பேசினேன். அந்தக் கடிதத்தை நான் அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, அவரே அனுப்பினார். 'இதழின் நெறிமுறைகளுக்கு ஒத்துவரவில்லை' என்று எழுதினார். நெறிமுறையாம்!

கவிதா அப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் அவர். நாங்கள் எது பேசினாலும் உதட்டையே பார்த்தார். கவிதா அழவில்லை. "ஐயா, திருத்தாத இங்கிலீஷையே போட்டுக்குங்க. தப்பு இருந்தாலும் பரவால்லீங்க. எனக்கு டைம் இல்லீங்கய்யா" என்றாள்.

ஐயா அவர்களை நேராகப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வாயை ஒரு கையால் மூடியபடி, என்னென்னவோ சொன்னார். விதி மாறிவிட்டது என்றார். தன் கையில் இல்லை என்றார். பின்னால் லாரிப் பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். கவிதாவின் அப்பா ஐயாவின் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகள் பக்கம் திரும்பினார்.

"என்ன கண்ணு சொல்றாரு?"

கவிதா அவருக்கு நேராக முகத்தைத் திருப்பினாள். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அது எனக்கே புரிந்தது. 'முடியாதாமாப்பா.'

அவர் எழுந்து கும்பிட்டார். "சரிங்க, அப்ப நாங்க வாரோமுங்க" என்று உரக்கச் சொன்னார். காது கேளாதவர்கள் பேசுவது போல, தேவைக்கு மேலே உரக்க. ஐயா திரும்பவே இல்லை. பாவி மனுசா, ஒருமுறை திரும்பியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

கவிதாவின் பதிவு ரத்தானது. அண்ணனுடைய தறிப் பட்டறையில் பில் போடப் போனாள் என்று கேள்விப்பட்டேன். 'ஆம்' போட்டவளுக்கு என்ன ஆனது என்பது ஆய்வு மாணவர்களின் வாட்ஸப் குழுக்களுக்குப் போகாமல் இருக்குமா? அதற்குப் பிறகு ஒருவர்கூட 'ஆம்' போடவில்லை. மேற்கோளெல்லாம் கற்பனையாக இருந்த கட்டுரையில்கூட 'இல்லை'தான் இருந்தது.

ஐயா போன் செய்வதையும் நிறுத்திவிட்டார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மதிப்பாய்வாளர்கள் சரி என்றால் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பெரிய பேராசிரியரிடமிருந்து ஒரு கட்டுரை வந்தது. விசைத்தறித் தொழிலாளர்களின் செவித்திறன். அதே தலைப்பு, அதே எடப்பாடி. ஏ.ஐ. கேள்விக்கு 'இல்லை'. கண்டுபிடிக்கும் கருவியில் ஒரு சிவப்புப் புள்ளிகூட வரவில்லை. அதையும் ஏமாற்றுவதற்கு இன்னொரு கருவி இருக்கிறதாமே. மதிப்பாய்வாளரின் கருத்தோ கட்டுரையைவிட வழவழப்பு. வேலிக்கு ஓணான் சாட்சி. ப்ரூஃப் பார்க்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். தொழிலாளர்கள் தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, வேலைக்கு இடையூறு இல்லாமல், அருகில் நின்று ஒவ்வொருவரிடமும் விரிவாகப் பேட்டி எடுத்தார்களாம்.

ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்கேலை வைத்து அந்த வரியைப் படித்தார். பென்சிலை எடுத்துச் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். எனக்கு உயிர் வந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"தொறந்து வெச்சிருங்கம்மா" என்றார். "கூப்பிட்டுக் கேக்கறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்குது? உண்மை சொன்ன பொண்ணை வெளிய தள்ளிட்டு, பொய் சொல்றவனை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" அப்படிச் சொல்லிவிட்டுக் கேள்விக்குறியை ரப்பரால் அழித்தார். கையெழுத்துப் போட்டார். அந்த இதழ் வெளியான கொஞ்ச நாளில், உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கும் ஓய்வு வந்தது.

நல்லவர்தான். இன்றைக்கும் சொல்வேன், நல்லவர்தான். ஆனால் அந்த நல்லது கவிதாவுக்கு உதவவில்லையே! தப்புச் செய்கிற கூட்டத்தைப் பற்றியே பயிலரங்கங்களில் பேசுகிறார்கள். வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய நல்லவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் இதழ் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்தப் பேராசிரியரின் கட்டுரையைத்தான் நிறையப் பேர் எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள் என்று நந்தினியே சொன்னாள். பட்டறைகளில் காதுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால், ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்று பேட்டி கொடுத்த காதுகளுக்கு என்ன குறை என்று அந்தக் கட்டுரையையே எடுத்து நீட்டலாம்.

இவ்வளவையும் எழுதி முடித்து, அனுப்பலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன். நேற்றுக் கவிதா போன் செய்தாள். என் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறாள். பில் போடுகிற வேலைக்கு நடுவே மறுபடியும் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருக்கிறாளாம். அதே கட்டுரையை வெளியூர் இதழ் ஒன்றுக்கு அனுப்பப் போகிறாளாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா எப்படி இருக்காரு கண்ணு?" என்றேன்.

"இப்ப சுத்தமாக் கேக்கறதில்லீங்கம்மா. நம்ம இதழ்ல வந்த அந்தக் கட்டுரையை அவருக்கு எழுதிக் காட்டுனேன். ஓடற தறிகிட்ட நின்னு கேட்டாங்களாமா, அதை யாரு கேட்டு யாரு சொன்னதுன்னு சிரிச்சாருங்க" என்றாள். அவளும் சிரித்தாள்.

பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, உங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னுதான் கூப்புட்டேன். இந்த இதழ்லயும் அந்தக் கேள்வி இருக்குதுங்க. உண்மையைச் சொன்னாப் பாதகம் வராதுன்னும் கீழ போட்டிருக்குதுங்க. என்ன எழுதட்டுங்க?"

வேலை பார்த்த காலமெல்லாம் 'உள்ளதை எழுதுங்க' என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய் இது. போனைக் காதில் வைத்தபடி நின்றேன். ஆம் என்று எழுது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இல்லை என்று எழுது என்று சொல்லவும் எழவில்லை. அந்தப் பக்கம் அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். தூரத்தில் தறி ஓடும் சத்தம் கேட்டது.

"சரிங்கம்மா, புரிஞ்சுதுங்க" என்றாள்.

நான் எதுவுமே சொல்லவில்லை.